ஈ1 லைனை ஈதர்நெட்டில் ஏற்றுவதா, எஸ்ஐபிக்கு மாறுவதா?

போன மாதம் மட்டும் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரிடமும் போனில் அரைமணி நேரம் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி இதுதான். கம்பத்திலோ போடியிலோ ஒரு ஆபீஸ். மலைக்கு மேலே கேரள எல்லைக்குள் வண்டன்மேடு, புத்தடி, குமுளி பக்கம் இன்னொரு ஆபீஸ் அல்லது ஏலக்காய் ஸ்டோர். இரண்டு இடத்திலும் ஆபீஸ் போன்களை இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரே லைனில் முப்பது பேச்சைச் சுமக்கும் ஒரு ஈ1 லைன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது லைன் கொடுத்தவர் "இனிமேல் ஈ1 கிடையாது, ஈதர்நெட் போர்ட் தருகிறோம், அதில் நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று கையை விரித்துவிட்டார். எக்ஸ்சேஞ்சிலோ ஈ1 கார்டு மட்டும்தான் இருக்கிறது. மதுரைக் கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார், எர்ணாகுளத்துக் கடைக்காரர் வேறொன்றைக் காட்டுகிறார், சொந்தக்காரப் பையன் ஒருவன் "அண்ணே, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஐபி போன் மாத்துங்க" என்கிறான். அப்படி ஐபி நெட்வொர்க்கில் போன் அழைப்பை நடத்தும் முறைதான் எஸ்ஐபி.

மூன்று பேர் சொல்வதும் ஓடும். எந்த இடத்தில் எது ஓடும் என்பதுதான் கேள்வி.

முதலில் உங்களிடம் நீங்களே கேட்க வேண்டியவை

ஈ1-க்குள் என்ன போகிறது? வெறும் பேச்சா, ஃபேக்ஸும் உண்டா, மோடம் வைத்த பழைய அலாரம் பேனல், மீட்டர் ரீடிங் மாதிரி ஏதாவது அதில் தொங்குகிறதா? பல இடங்களில் ஆபீஸ்காரருக்கே இது தெரியாது. ஒருநாள் முழுக்க எந்த எக்ஸ்டென்ஷன் எதற்கு என்று பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

லைன்காரர் கொடுப்பது என்ன? வெறும் ஃபைபரா, இரண்டு முனைக்கும் நடுவில் சுத்தமான விலானா (லைன்காரர் தன் நெட்வொர்க்கில் நமக்கென்று பிரித்துவிடும் தனிப் பாதை), இல்லை இரண்டு பக்கமும் தனித்தனி பிராட்பேண்டா? "ஈதர்நெட்" என்ற ஒரே வார்த்தையில் இந்த மூன்றையும் சொல்லிவிடுகிறார்கள், மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

க்ளாக், அதாவது பிட்டுகள் போகும் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பு, எங்கிருந்து வருகிறது? பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வருகிற தொந்தரவில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது, அதனால் கீழே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்சேஞ்சுக்கு இன்னும் எத்தனை வருஷ ஆயுள்? ஆடி மாதத்துச் சாரலில் ராத்திரி எட்டு மணிக்கு லைன் போனால் மேலே ஏறப் போவது யார்? இந்த இரண்டையும் முதலாளியிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாயும் லாரியும்

ஈ1 என்பது விநாடிக்கு 20,48,000 பிட். 32 அறைகள், ஒவ்வொன்றும் 64 கிலோபிட். ஒரு சுற்று 32 அறையும் சேர்ந்தது ஒரு ஃபிரேம். பூஜ்ஜியமாவது அறை ஃபிரேமிங்குக்கு, அதாவது ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட, 16-ஆவது அறை சிக்னலிங்குக்கு, மிச்சம் 30 பேச்சுக்கு. 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு ஃபிரேம், விநாடிக்கு 8000. யாராவது பேசினாலும் பேசாவிட்டாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும்.

குமுளி ரோட்டில் ஏறும்போது லோயர் கேம்பில் பெரியாறு தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஈ1 அந்த மாதிரி, நிற்காமல் ஒரே சீராக வரும். ஈதர்நெட் லாரி மாதிரி. அதே தண்ணீரை டேங்கரில் நிரப்பி மலையிலிருந்து இறக்கினால், ஒரு லாரி சீக்கிரம் வரும், ஒன்று வளைவில் மாட்டி லேட்டாக வரும். கீழே ஒரு தொட்டி கட்டி, அதில் கொட்டி, அதிலிருந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் மறுபடி சீராகப் போகும். அந்தத் தொட்டிதான் ஜிட்டர் பஃபர். குழாயை எவ்வளவு திறப்பது என்பதுதான் க்ளாக். வருவதைவிட ஒரு மயிரிழை அதிகமாகத் திறந்தால் தொட்டி மெல்லக் காலியாகும், குறைவாகத் திறந்தால் மெல்ல நிரம்பி வழியும். ஒருநாளில் தெரியாமல் போகலாம், ஆனால் என்றைக்காவது நடந்தே தீரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளையும் எடைபோடுவது சுலபம்.

வழி 1: இரண்டு முனையிலும் சூடோவயர் பெட்டி

ஈ1-ஐ அப்படியே பொட்டலமாக்கி அனுப்பி, மறுபக்கம் பிரித்து மறுபடி ஈ1 ஆக்கித் தரும் பெட்டி. எக்ஸ்சேஞ்சுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஃபேக்ஸ், மோடம், இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடுவில் பெயர் காட்டுவது, கால் மாற்றுவது எல்லாம் பழையபடி ஓடும். இதன் பெரிய பலம் இதுதான்.

உள்ளே இரண்டு முறை உண்டு. சாட்டாப் என்பது ஈ1-க்குள் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் மொத்தத்தையும் அள்ளிப்போடும். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4553. சிஇஎஸ்ஓபிஎஸ்என் என்பது ஃபிரேமைப் பிரித்து வேண்டிய அறைகளை மட்டும் அனுப்பும், 2007-இன் ஆர்எஃப்சி 5086. பெட்டியில் இரண்டும் இருக்கும், நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சாட்டாப்பில் ஒரு பொட்டலத்துக்கு 256 பைட், அதாவது 8 ஃபிரேம், விநாடிக்கு 1000 பொட்டலம். ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் விலான், ஐபி, யுடிபி, கண்ட்ரோல் வேர்ட் எல்லாம் சேர்ந்து 54 பைட். ஆக 310 பைட், விநாடிக்குச் சுமார் 2.5 மெகாபிட், இரண்டு திசையிலும். தாமதம் குறையட்டும் என்று யாராவது ஒரு பொட்டலத்துக்கு ஒரே ஃபிரேம் என்று வைத்தால் 32 பைட் சரக்குக்கு 54 பைட் சாக்கு, 5.5 மெகாபிட் தின்றுவிடும். "2 மெகாபிட் லைன் வாங்கினால் 2 மெகாபிட் ஈ1 ஓடாதா சார்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான், ஓடாது.

சிஇஎஸ்ஓபிஎஸ்என்னில் பத்துப் பேச்சு அறை, கூட 16-ஆவது அறை என்று 11 மட்டும் அனுப்பினால் சுமார் 1.1 மெகாபிட் போதும். லைன் ஒல்லியாக இருந்தால் இது நல்லது. ஆனால் இதில் ஃபிரேமிங், பிழை பார்க்கும் சிஆர்சி-4 எல்லாம் பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஒத்துப்போக வேண்டும். சாட்டாப்பில் அந்தத் தலைவலி பெட்டிக்குக் கிடையாது. லைன் அகலமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாட்டாப் போடுங்கள் என்பேன்.

*க்ளாக்: ஒரு கதை*

புத்தடி பக்கம் ஒரு ஸ்டோரில் பெட்டி மாட்டி இரண்டு நாள் ஆகியிருக்கும். "லைன்ல டிக்னு ஒரு சத்தம், சில சமயம் கட்டாவுது" என்று மேனேஜர் போன். ஏறிப் போனேன். பேட்ச் கார்டு மாற்றினேன், பிஎன்சி முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் அடித்தேன், இறங்கி வந்தேன். மறுநாளும் அதே புகார். மறுபடி ஜீப். ஸ்விட்சை மாற்றினேன். மூன்றாவது நாள் ஏறும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அங்கே கணக்கு எழுதுகிற ஒரு மலையாளத்துப் பெரியவர், "இது நோக்கு" என்று தன் சீட்டைத் திருப்பி நீட்டினார். ஏலக்காய் எடை எழுதும் சீட்டின் பின்பக்கம், சத்தம் கேட்ட நேரமெல்லாம் வரிசையாக: 10.04, 10.10, 10.17, 10.24, 10.30, 10.37.

ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தமாதிரி. நெட்வொர்க் கோளாறு இப்படி நேரம் தவறாமல் வராது. இரண்டு பெட்டியும் தன் உள் க்ளாக்கில் ஓடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பஃபர் 8 மில்லிவிநாடி, நடுவிலிருந்து விளிம்புக்கு 4. இரண்டு க்ளாக்குக்கும் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசம் என்றால், 4 மில்லிவிநாடியைத் தின்ன 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி. தொட்டி விளிம்பைத் தொட்டதும் பெட்டி பஃபரை நடுவுக்குத் தள்ளும், அதுதான் அந்த "டிக்". மூன்று தடவை ஜீப்பில் ஏறியிறங்கிக் கண்டுபிடிக்காததை அவர் ஒரு சீட்டில் எழுதிவைத்திருந்தார். அன்றிலிருந்து யார் புகார் சொன்னாலும் முதலில் கேட்பது "நேரம் எழுதிவைங்க" என்பதுதான்.

சரியான வரிசை எது என்றால், க்ளாக்குக்கு ஒரே ஒரு எஜமான், மற்ற எல்லோரும் அதன் பின்னால். கம்பத்து எக்ஸ்சேஞ்சில் பொது டெலிபோன் பிஆர்ஐ லைன், அதாவது டெலிபோன் கம்பெனி ஈ1-ஆகவே தரும் லைன், ஒன்று வருகிறதா? அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் அதிலிருந்து க்ளாக் எடுக்கட்டும், அது சுத்தமான க்ளாக். கம்பத்துப் பெட்டி எக்ஸ்சேஞ்சிடமிருந்து எடுக்கட்டும், இதற்கு லூப் டைமிங் என்று பெயர். மேல் பெட்டி, வரும் பொட்டலங்களின் வேகத்தைப் பார்த்து க்ளாக்கை ஊகிக்கட்டும், அது அடாப்டிவ். மேல் எக்ஸ்சேஞ்ச் தன் பெட்டியிடமிருந்து எடுக்கட்டும், அதாவது ஸ்லேவ். இந்த நான்கையும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதி இரண்டு ரேக்கிலும் ஒட்டிவிடுங்கள். மேல் எக்ஸ்சேஞ்சிலும் வேறொரு பொது பிஆர்ஐ இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இரண்டு பொது லைனும் தரமான மூலத்திலிருந்துதான் க்ளாக் எடுக்கும். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமான இரண்டு மூலங்கள் என்றால் ஒரு ஃபிரேம் நழுவ 72 நாள் ஆகும் என்பது கணக்கு. ஆனால் எது மேலே, எது கீழே என்பதை அப்போதும் எக்ஸ்சேஞ்சில் முன்னுரிமை வரிசையாகக் குறித்தாக வேண்டும்.

அடாப்டிவ் போதாது, ஈதர்நெட் லைனிலேயே க்ளாக்கைக் கொண்டுபோகும் சின்க் ஈதர்நெட் வேண்டும் என்று விற்பவர் சொன்னால், நடுவில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் மீடியா கன்வெர்ட்டரும் அதைத் தாங்குமா என்று கேளுங்கள். நடுவில் ஒரு மலிவான கன்வெர்ட்டர் இருந்தாலும் சங்கிலி அங்கே அறுந்துவிடும், கொடுத்த காசு தண்டம்.

*மறைந்த செலவு*

இரண்டு முனையிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே ஃபர்ம்வேர் வாங்குங்கள். தரநிலை ஒன்றுதான் என்று காகிதம் சொல்லும், ஒரு பக்கம் ஆர்டிபி என்ற கூடுதல் தலைப்பு ஆன், மறுபக்கம் ஆஃப் என்று இருந்தால் மூன்று மணி நேரம் போய்விடும். கூடவே ஒரு உபரிப் பெட்டியும் வாங்கியே ஆக வேண்டும், மழைக்காலத்தில் மதுரையிலிருந்து வரும்வரை ஸ்டோர் சும்மா இருக்க முடியாது. பழைய ரேக்கில் மைனஸ் 48 வோல்ட் பேட்டரி மட்டும் இருந்தால் அந்த சப்ளையில் ஓடும் மாடலா என்று பாருங்கள், 230 வோல்ட் மாடலை வாங்கிவந்து இன்வெர்ட்டர் தேடியவர்கள் உண்டு.

வழி 2: ஃபைபர் மக்ஸ்

கையில் வெறும் ஃபைபர் இருந்தால் இதைவிட நிம்மதி வேறு கிடையாது. ஃபைபர் மக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நான்கு ஈ1, ஒரு ஈதர்நெட், எல்லாம் ஒரே ஒளியில் போகும். பொட்டலமும் பஃபரும் கிடையாது. ஒரு பக்கம் நுழைந்த ஈ1 தன் க்ளாக்கோடு அப்படியே மறுபக்கம் வரும், ஒவ்வொரு ஈ1-க்கும் தனி க்ளாக் இருந்தாலும் மக்ஸ் கவலைப்படாது. ஒரே இழையில் போக 1310, 1550 நேனோமீட்டர் ஜோடி வைத்த மாடல் உண்டு. மாட்டினால் பச்சை விளக்கு எரியும், எழுந்து வரலாம். கட்டமைக்க ஒன்றுமே இல்லாததால் இதைப் பற்றி எழுதவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிரச்சினை ஃபைபரில்தான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வரை ஒரு கேபிள்காரர், எல்லையைத் தாண்டினால் வேறொருவர். மின்கம்பங்களும் இரண்டு மாநில மின்வாரியத்துடையவை, அனுமதியும் வாடகையும் இரண்டு இடத்தில். எல்லையில் ஒரு ஜாயின்ட் பாக்ஸ் இருக்கும், லைன் போனால் கீழ்க்காரர் "எங்க பக்கம் லைட் இருக்கு" என்பார், மேலே உள்ள சேட்டன் "இவிடே ஒன்னும் கிட்டுன்னில்ல" என்பார், நடுவில் நாம் பவர் மீட்டரோடு மழையில் நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். 1310-இல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் நஷ்டம் என்று கணக்குப் போட்டு வாங்கிய எஸ்எஃப்பி (ஃபைபரில் ஒளியை அனுப்பும் மாட்யூல்), மரம் விழுந்து அறுந்து ஒவ்வொரு வருஷமும் இரண்டு ஜாயின்ட் கூடக் கூட, மூன்றாம் வருஷம் தள்ளாடும். ஆரம்பத்திலேயே 5, 6 டெசிபல் மிச்சம் வைத்து வாங்குங்கள்.

ஒரே வளாகத்துக்குள், அல்லது எல்லையின் ஒரே பக்கத்தில், ஒரே ஆள் இழுத்த ஃபைபர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். துணை மின்நிலையங்களுக்கு நடுவில் பாதுகாப்பு ரிலே பேசுகிற வேலைக்கும் இந்தப் பக்கம்தான் சாய்வேன், அங்கே போகிற தாமதமும் வருகிற தாமதமும் ஒன்றாக இருக்க வேண்டும், பஃபர் வைத்த பெட்டியில் அதற்கு உத்தரவாதம் வாங்குவது கஷ்டம்.

வழி 3: எஸ்ஐபி கேட்வே, அல்லது மொத்தமாக ஐபி எக்ஸ்சேஞ்ச்

கேட்வே என்றால் ஈ1-ஐ உடைத்து அதிலுள்ள ஒவ்வொரு போன் காலையும் தனித்தனி எஸ்ஐபி அழைப்பாக மாற்றுவது. கால் இல்லாதபோது லைனில் பேச்சுப் பொட்டலமே ஓடாது. குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711-இல் ஒரு காலுக்கு ஈதர்நெட்டில் சுமார் 87 கிலோபிட், 30 காலும் ஒரே நேரத்தில் ஓடினால் 2.6 மெகாபிட், கிட்டத்தட்ட சாட்டாப் தின்னும் அதே அளவு. ஆனால் எந்த ஸ்டோரில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்? ஏலம் நடக்கிற நாளில்கூட நான் பார்த்தது ஏழெட்டுதான்.

இதன் பெரிய நன்மை, முனைக்கு முனை க்ளாக் வேண்டாம். இரண்டு பக்கமும் வெறும் பிராட்பேண்ட் இருந்தால்கூட சமாளிக்கும். சூடோவயரை அப்படிப்பட்ட இணையத்தில் ஓட்டினால் ஜிட்டர் அலைக்கழித்துவிடும், அடாப்டிவ் க்ளாக் பொட்டலத்தைப் பார்த்துத்தானே ஊகிக்கிறது, பொட்டலமே தள்ளாடினால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் உள்ள ஒரு முழ ஈ1-க்கு மட்டும் யார் மாஸ்டர், யார் ஸ்லேவ் என்று வைத்தால் போதும். இதை மறந்தாலும் பேச்சில் தெரியாது, ஃபேக்ஸில் பக்கம் பாதியில் நிற்கும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். ஐபியில் ஃபேக்ஸ் அனுப்பும் முறையான டி.38 இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மோடம் பெரும்பாலும் ஓடாது. இரண்டு எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் பேசிக்கொண்ட வசதிகளில் சில போய்விடும், "முன்னாடி யார் கூப்பிடுறாங்கனு பேரு வரும், இப்ப நம்பர்தான் வருது" என்று முதல் வாரமே புகார் வரும். ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி பொட்டலத்தைத் திருத்தி அனுப்பும் வசதி) ஆன் ஆகி இருந்தால் ஒருவழிக் குரல் வரலாம். அப்புறம் பாதுகாப்பு. கேட்வேயை 5060 போர்ட்டோடு வெளி இணையத்தில் திறந்துவைத்தால் அன்று ராத்திரியே யாராவது கதவைத் தட்டுவார்கள், பலவீனமான பாஸ்வேர்டு என்றால் ஐஎஸ்டி பில் வந்த பிறகுதான் தெரியும். விபிஎன் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இது எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும். கீழே தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம், மேலே கேரள வட்டம். மேல் ஆபீஸின் லேண்ட்லைனுக்கு வரும் வெளி அழைப்பை ஐபி வழியாகக் கீழே இறக்கிக் கம்பத்து லைனில் வெளியே விடுவது தொழில்நுட்பத்தில் இரண்டு வரி வேலை, ஆனால் விதிமுறையில் அப்படியில்லை. செய்வதற்கு முன் லைன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கு ஆபீஸ் உள்பேச்சுக்கு மட்டும் என்றால் தைரியமாகச் செய்யலாம்.

| | சூடோவயர் பெட்டி | ஃபைபர் மக்ஸ் | எஸ்ஐபி கேட்வே |
|---|---|---|---|
| லைன் தேவை | சுத்தமான விலான், 3 மெகாபிட்டுக்கு மேல் | வெறும் ஃபைபர், முழு நீளமும் | எதுவும் போதும், விபிஎன் அவசியம் |
| க்ளாக் தலைவலி | அதிகம் | இல்லை | எக்ஸ்சேஞ்ச் பக்கம் மட்டும் |
| ஃபேக்ஸ், மோடம் | ஓடும் | ஓடும் | ஃபேக்ஸ் சிரமம், மோடம் மறந்துவிடுங்கள் |
| கூடும் தாமதம் | 5 முதல் 30 மில்லிவிநாடி | சொல்லும்படி இல்லை | 50 மில்லிவிநாடிக்கு மேலும் போகும் |
| ராத்திரியில் போனால் | தொலைவிலிருந்து பார்க்கலாம் | ஃபைபரைத் தேடி நடக்க வேண்டும் | தொலைவிலிருந்து பார்க்கலாம், ஆள் தெரிந்தவராக வேண்டும் |
| ஐந்து வருஷம் கழித்து | எக்ஸ்சேஞ்ச் செத்தால் பெட்டியும் வீண் | ஃபைபர் மிஞ்சும் | அப்படியே தொடரும் |

5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருப்பவர்கள்

மேட்டிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு நேராகத் தெரிவதால் பலர் ரேடியோ வைத்திருக்கிறார்கள். ரேடியோவில் சூடோவயர் ஓடும், ஆனால் இரண்டு திசையும் மாறி மாறிப் பேசுவதால் பொட்டலம் கொத்துக் கொத்தாக வரும். பஃபரை 20 மில்லிவிநாடி பக்கம் வையுங்கள். பயந்துபோய் 200 வைக்காதீர்கள், ஒரு பக்கம் பழைய அனலாக் போன் இருந்தால் எதிர்ப்பக்கம் பேசுபவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும். கோடையில் டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட்டுவிடாமல் ஜூன், ஜூலை சாரலைத் தாண்டவிட்டுப் பாருங்கள்.

மாட்டிய பிறகு ஓடவில்லை என்றால்

முதலில் விளக்கு. எல்ஓஎஸ் எரிந்தால் என் காதுக்கு ஒன்றுமே விழவில்லை என்று அர்த்தம், பக்கத்திலிருக்கும் கேபிளைப் பாருங்கள். பத்துக்கு ஆறு முறை அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் மாறியிருக்கும். மிச்சத்தில் பாதி, ஒரு பக்கம் பிஎன்சி 75 ஓம், மறுபக்கம் ஆர்ஜே45 120 ஓம், நடுவில் இரண்டையும் பொருத்தும் பாலன் போடாமல் யாரோ கம்பியை நேராக முறுக்கிவிட்டிருப்பார்கள். ஏஐஎஸ் வந்தால் கோளாறு எனக்குப் பின்னால் எங்கேயோ, நடுவில் ஒருவர் "எனக்கே வரவில்லை" என்று எல்லா பிட்டையும் 1 ஆகவே அனுப்புகிறார். ஆர்ஏஐ வந்தால் எதிர்ப்பக்கத்துக்கு நான் பேசுவது கேட்கவில்லை. எல்லா அலாரமும் போய்விட்டது, ஆனால் பிஆர்ஐ மேலே வரவில்லை, ஆர்ஏஐ மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்றால் சிஆர்சி-4 ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆஃப்.

அடுத்தது லூப். கம்பத்தில் எக்ஸ்சேஞ்ச் முனையில் அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரு சின்ன பிஎன்சி கேபிளால் சேர்த்துவிடுங்கள். அலாரம் போய்விட்டால் கார்டு நலம். அப்புறம் கேபிளை மாட்டி, கம்பத்துப் பெட்டியில் எக்ஸ்சேஞ்ச் பக்கமாக லூப். அதுவும் சரி என்றால் மேல் பெட்டியில் நெட்வொர்க் பக்கமாக லூப், இதைக் கீழே உட்கார்ந்தே போடலாம். இங்கே உடைந்தால் கோளாறு ஈதர்நெட்டில், உடையாவிட்டால் மேலே உள்ள ஒரு முழ கேபிளிலோ எக்ஸ்சேஞ்சிலோ. இந்த வரிசையில் போனால் ஒரு தடவைகூட ஜீப் ஏறாமல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். லூப்பை எடுக்க மறக்காதீர்கள். எடுக்காமல் விட்டால் எல்லா விளக்கும் பச்சையாக, பார்க்க ஜம்மென்று இருக்கும், எக்ஸ்சேஞ்ச் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு ஒரு கால்கூடப் போகாது. ஒரு முழு சனிக்கிழமையை நான் இதற்குப் பறிகொடுத்திருக்கிறேன்.

கோளாறு ஈதர்நெட்டில் என்று தெரிந்தால் பெட்டியின் கவுண்டர்களைப் பாருங்கள். பொட்டலம் தொலைந்த கணக்கு ஏறினால் வழியில் எங்கேயோ விழுகிறது. முதல் சந்தேகம் டூப்ளெக்ஸ் மேல், அதாவது இரண்டு திசையும் ஒரே நேரத்தில் ஓடுமா (ஃபுல்), மாறி மாறியா (ஹாஃப்): பெட்டியில் 100 ஃபுல் என்று கட்டாயமாக வைத்து, ஸ்விட்சில் ஆட்டோ விட்டிருந்தால் ஸ்விட்ச் ஹாஃப் ஆகிவிடும், கொஞ்ச டிராஃபிக்கில் ஓடும், ஏறினால் விழும். இரண்டாவது முன்னுரிமை: டிஎஸ்சிபி 46 என்று பெட்டியில் போட்ட முன்னுரிமைக் குறியை லைன்காரர் தன் ஸ்விட்சில் மதிக்கிறாரா என்று கேளுங்கள், பலர் பூஜ்ஜியமாக்கி அனுப்புகிறார்கள். தொலையவில்லை, ஆனால் பஃபர் காலியாகும் கணக்கோ வழியும் கணக்கோ சீராக ஏறுகிறது என்றால் க்ளாக், மேலே சொன்ன சீட்டுக் கதை. காலை பத்திலிருந்து ஐந்து வரை மட்டும் கன்னாபின்னாவென்று ஏறினால் யாரோ அதே லைனில் சிசிடிவி ஓட்டுகிறார்கள். பொட்டலம் வந்து சேர்கிறது, ஆனால் தப்பான வடிவம் என்று கணக்கு ஏறினால் இரண்டு பக்கமும் பொட்டல அளவு வேறு. ஒன்றுமே வந்து சேரவில்லை என்றால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் பண்டில் எண் மாறியிருக்கும், டிடிஎம்ஓஐபி என்ற இன்னொரு வகைப் பெட்டி என்றால் நடுவில் ஃபயர்வாலில் யுடிபி 2142 அடைபட்டிருக்கும்.

அடாப்டிவ் க்ளாக் பிடித்துக்கொள்ளப் பெட்டியைப் பொறுத்து சில நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் அது ஒருபோதும் பிடிக்காது. டீ குடித்துவிட்டு வாருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கேட்ட மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

ஸ்டோர்காரருக்கு ஃபேக்ஸ் இன்னும் வாரத்துக்கு நான்கைந்து போகிறது, எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று வருஷமாவது ஆயுள் இருக்கிறது, லைன்காரர் ஒரே விலானை மேலிருந்து கீழ்வரை எழுத்தில் தந்தார். அதனால் சூடோவயர், சாட்டாப், 256 பைட், பஃபர் 10 மில்லிவிநாடி, கம்பம் எஜமான். குமுளியில் கேட்டவருக்கு மோடமும் இல்லை, ஃபேக்ஸும் இல்லை, மேலே பிராட்பேண்ட் மட்டும்தான், எக்ஸ்சேஞ்சிலும் பாதி கார்டு செத்துவிட்டது, அவரை நேராக எஸ்ஐபிக்குப் போகச் சொல்லிவிட்டேன். போடிக்காரருக்கு இரண்டு கட்டடமும் ஒரே ரோட்டில், ஃபைபர் அவர்களே இழுத்தது, மக்ஸ் வாங்கி அன்றைக்கே மாட்டியாயிற்று.

ஸ்டோர் மேனேஜர் உபரிப் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார், "ரெண்டு போதாதாண்ணே, மூணாவது எதுக்கு?" என்று. கன்ஃபிக் ஏற்றி, அச்செடுத்த தாளையும் கூடவே மடித்து வைத்து, கம்பத்து ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கிறது. சாவி கணக்குப்பிள்ளையிடம்.